கறுப்புக் கண்ணாடியும் பாலாற்றங்கரை வெயிலும்



போன வாரம் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறான். புதிதாகக் கார் வாங்கியிருக்கிறானாம். "டீச்சர், வெயில் தாங்க முடியல. கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாம்னு இருக்கேன். கடைக்காரர் முப்பது பர்சென்ட் போடுங்கன்றாரு. எங்க மச்சான் போடவே கூடாது, போலீஸ் பிடிக்கும்ன்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

ஒன்றியப் பள்ளியில் சிலேட்டும் பலகையுமாகக் காலம் தள்ளியவளிடம் கார் விஷயமா என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இந்தக் கறுப்புக் கண்ணாடி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதையும் சேர்த்து எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்க் கதை. நான் சிறுமியாக இருந்தபோது ஆம்பூரில் ஜட்கா வண்டிகள் ஓடின. தோல் வியாபாரம் செய்த பெரிய வீட்டுப் பெண்கள் வண்டியில் போனால் பின்பக்கம் துணித் திரை தொங்கும். பிறகு அம்பாசிடர் வந்தது. அதன் பின் சீட்டு ஜன்னலிலும் கம்பியில் கோத்த குட்டித் திரை. அந்தத் திரை பெண்களின் மறைவுக்காகவும் வெயிலுக்காகவும் இருந்தது. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு எந்தத் திரையும் கிடையாது. ஜட்காக்காரர் முகமும் தெரியும், அம்பாசிடர் டிரைவர் முகமும் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டித்தான் திரும்புவார்கள்.

1970-களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதப்படுத்திய தோலாக, ஷூவாக, பையாகச் செய்து அனுப்பு என்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் வேகமாக மாறின. ஷூ கம்பெனிகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 90-களுக்குப் பிறகு ஏசி வைத்த கார்கள் பெருகின. ஏசி வந்ததும் கண்ணாடி மேலே ஏறியது. கண்ணாடி ஏறியதும் அதன்மேல் கறுப்பு ஃபிலிம் ஏறியது. நம் ஊரை வெயிலூர் என்று கேலி செய்வார்களே, அந்த வெயிலுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. போகப்போக கறுப்புக் கண்ணாடி அந்தஸ்தும் ஆகிவிட்டது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு பெரிய மனிதர்!

இப்போது கொஞ்சம் உலகக் கதை. மோட்டார் வந்த புதிதில் சாதாரணக் கண்ணாடிதான். விபத்தில் அது கத்தியாக உடைந்து ஆட்களைக் கிழித்தது. 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. அது விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. உள்ளே இருந்த திரவம் காய்ந்து, மெல்லிய ஏடாக ஒட்டி, உடைந்த துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு ஏடு வைத்த பாதுகாப்புக் கண்ணாடி. 1909-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் காரின் முன் கண்ணாடி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெயிலைத் தடுக்க ஒட்டுகிற ஃபிலிம் 1960-களில் அமெரிக்காவில் வந்தது. முதலில் கட்டட ஜன்னலுக்கு, பிறகு காருக்கு.

நம் நாட்டில் இதற்கு விதி எப்போதோ வந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதியை எடுத்துப் பாருங்கள். முன் கண்ணாடி, பின் கண்ணாடி வழியாக 100-க்கு 70 பங்கு வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 50 பங்காவது ஊடுருவ வேண்டும். விதி இருந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

அந்தக் கடனைச் சொல்கிறேன். 2010, ஐப்பசி மாதம். உங்கள் சார், அதாவது என் வீட்டுக்காரர், பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். வாங்கும்போதே நாலு பக்கமும் கறுப்பு ஃபிலிம். வாணியம்பாடியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பினோம். நெடுஞ்சாலையை விட்டு இடது பக்கம் எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சைக்கிளோடு ஒருவர் விழுந்து கிடக்கிறார். டேனரியில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவர். முழங்கை எலும்பு முறிந்திருந்தது.

தூக்கி உட்கார வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவருடைய மகள் அப்போது என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "உள்ள நீங்களா டீச்சர் இருந்தீங்க? வண்டி நிக்குமா திரும்புமான்னு பாத்தேன். கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம், செலவைப் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியையும் கொடுத்தோம். அவர் எங்கள்மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. உங்கள் சார், "பக்கத்துல வந்தது சத்தியமா தெரியலம்மா" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். தெரியாதபடி நாங்களே மறைத்துக்கொண்டு போனோம் என்பதும் உண்மை.

வெட்கமான விஷயம் இனிமேல்தான். அதற்குப் பிறகும் அந்த ஃபிலிமை நாங்கள் கிழிக்கவில்லை. வெயில் அடிக்கிறதே, ஏசி நிற்காதே, காசு கொடுத்து ஒட்டியதாயிற்றே என்று நாளைக் கடத்தினோம். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

2011-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். கறுப்புக் கண்ணாடி வண்டிகள் குற்றங்களுக்கு மறைவாகின்றன, விபத்துக்கும் வழி செய்கின்றன என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், சுதந்தர் குமார் ஆகியோர் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு சொன்னார்கள். கம்பெனியிலேயே 70, 50 அளவுக்குள் நிறம் சேர்த்துச் செய்த கண்ணாடி இருக்கலாம், ஆனால் அதன்மேல் எந்தச் சதவீத ஃபிலிமும், வேறு எந்தப் பொருளும் ஒட்டக் கூடாது என்றார்கள். மே 4 முதல் நாடு முழுக்க அமல். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும், அதற்கென்று அமைத்த குழு பார்த்து விலக்குத் தரலாம். ஃபிலிம் வியாபாரிகள் உள்படப் பலர் மாற்றக் கேட்டுப் போனார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கத்திரி வெயில் தொடங்குகிற அதே நாளில் ஃபிலிமைக் கிழிக்கச் சொல்கிறார்களே என்று ஊரே முணுமுணுத்தது. சோதனைச் சாவடியில் நிறுத்தி, அங்கேயே உரித்தார்கள். நாங்கள் சும்மா இருந்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சுடுதண்ணீரும் பிளேடும் வைத்து நாங்களே உரித்தோம். அன்று முதல் தடவை அபராதம் 100 ரூபாய்தான். யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளே. ஒரு மனிதரின் கை உடைந்தபோது எடுக்காத ஃபிலிமை, 100 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து எடுத்தோம். இதுதான் என் கடன்.

இந்த இடத்தில் நம் மண்ணின் இன்னொரு வழக்கு நினைவுக்கு வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதி செய்தார்கள். இன்றும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடம் நடக்கிறது. பாலாறும் கார் கண்ணாடியும் ஒன்றா என்று கேட்பீர்கள். அளவில் ஒன்றல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். சுகம் எனக்கு, அதன் கஷ்டம் வழியில் போகிறவருக்கு என்றால் அது நியாயமா?

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2020-இல் 100-வது விதியைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அமல். பாதுகாப்புக் கண்ணாடி என்பதோடு, உட்பக்கம் பிளாஸ்டிக் ஏடு பொருந்திய வகையையும் இந்தியத் தர அளவுக்கு உட்பட்டு அனுமதித்தார்கள். 70, 50 கணக்கு மாறவில்லை. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று சொன்னது. ஆனால் அது கேரளத்துத் தீர்ப்பு. சுங்கச்சாவடியில் நிற்கும் நம் ஊர்ப் போலீஸ்காரரிடம் அதை மட்டும் காட்டி வாதாடிவிட முடியும் என்று எண்ணாதீர்கள்.

இனி கணக்குப் பாடம். கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கிறது. லேசான பச்சை நிறக் கண்ணாடி 100-இல் 75 பங்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 50 வராது. 75-இல் பாதி, 37.5 தான் வரும். சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. என் மாணவனுக்குக் கடைக்காரர் சொன்ன 30 சதவீதம் என்றால் 22.5. இரவில் அது ஏறக்குறையக் கறுப்புத் திரை. பக்கக் கண்ணாடியில் மொத்தம் 50 வேண்டுமானால் ஃபிலிம் 67-க்குக் குறையக் கூடாது. முன் கண்ணாடியில் 70 வேண்டுமானால் ஃபிலிம் 94 விட வேண்டும். அதாவது முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டாமல் இருப்பதே நல்லது.

"அப்ப வெயிலுக்கு என்ன வழி டீச்சர்?" என்பீர்கள். அறிவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதிக்கும் குறைவு. சுமார் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். புற ஊதா சில பங்குதான். எனவே கறுப்பாக இருந்தால்தான் சூடு குறையும் என்பது தவறு. மலிவான சாயம் பூசிய கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே விடும். செராமிக் வகை ஃபிலிம் பார்க்கத் தெளிவாக இருந்தே அகச்சிவப்பைத் தடுக்கும். விலை கூடுதல்தான். உலோகம் கலந்த ஃபிலிம் ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் சிக்னலைத் தடுக்கக்கூடும். ஒட்டியே தீருவேன் என்றால் தர முத்திரையும் சதவீதமும் எழுதிய பில்லை வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஒட்டிய பிறகு கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். செலவில்லாத வழியும் உண்டு. நிழலில் நிறுத்துங்கள். நிற்கும்போது முன் கண்ணாடிக்கு அட்டை வையுங்கள், கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். கிளம்பியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏசி போடுங்கள்.

வயதான உறவினர்களுக்குத் தனியாக ஒன்று. வயது ஏற ஏற நம் கண்ணுக்கு இரவில் கூடுதல் வெளிச்சம் தேவை. மகன் ஒட்டிய ஃபிலிம் மகனுக்குச் சரியாக இருக்கலாம். அந்த வண்டியை அப்பா எடுத்துக்கொண்டு இரவில் கிளம்பும்போது சரியாக இருக்காது.

போன் செய்த பையனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் உன் காரை ஓரமாக நிறுத்து. நீ உள்ளே உட்கார், உன் மனைவியை வெளியே நிற்கச் சொல். வெளியே நிற்பவருக்கு உன் கண் தெரிகிறதா, உனக்கு அவர் முகம் தெரிகிறதா என்று பார். இரண்டும் தெரிந்தால் உன் கண்ணாடி சரி. ஒன்று தெரியாவிட்டாலும், கடைக்காரர் என்ன சதவீதம் சொன்னாலும் கேட்காதே.

சைக்கிளில் வந்த அவர் இப்போது நம்மோடு இல்லை. உடல்நலக் குறைவால் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். மகள் நன்றாக இருக்கிறாள், இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். உன் அப்பாவிடம் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை என்ற குறை எனக்கு இருந்தது கண்ணு. உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோரும் பத்திரமாக வண்டி ஓட்டுங்கள். அடுத்த முறை ஆம்பூர் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்