ஜப்தி

நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் கட்டப்படாத கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை. அதை நிறைவேற்றுபவர் நீதிமன்ற அமீனா. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவு, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பிழைப்புக்கான கருவிகளையும் காப்பதே இப்பிரிவின் பெருஞ்சிறப்பு. சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் மரத்தில் சாமி சிலை செதுக்குபவரின் உளியையும் கொட்டாப்புளியையும் எடுக்க முடியாது; விற்பனைக்கு முடித்துவைத்த சிலை கருவியல்ல, அதை எடுக்கலாம். உழவருக்கு ஏர், மாடு, விதைநெல் அப்படியே. பொழுது சாய்ந்தபின் விடியும்வரை வீட்டுக்குள் நுழையக்கூடாது (பிரிவு 62). பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவும் கூடாது (பிரிவு 56). அமீனாவிடம் வாரண்டைக் கேட்டுப் படித்துப் பார்ப்பது அவசியம். நிதி நிறுவனத்தின் வசூல் ஆள் அமீனா அல்ல. வசூல் ஆள் மிரட்டினால் அது 2025ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். கைப்பற்றிய சொத்தின் ஏலம் முடியுமுன் கடனையும் செலவுத்தொகையையும் கட்டினால் விற்பனை நிறுத்தப்படும்.