கதிர்ப்படப் பிரிவு கற்ற பாடம்

கோவிட் காலத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சென்ற ரெக்ஸ்டேல் வாழ் எம்மவர், வைத்தியசாலை வாசலிற் கேட்கப்பட்ட கேள்விகளாலும் காத்திருப்பாலும் சலிப்புற்றிருக்கலாம். அவ்வொழுங்குகளின் பின்னே இந்நகரம் கண்ட மரணங்கள் உள்ளன.

2003ம் ஆண்டு மார்ச் 7ம் திகதி, சார்ஸ் நோயாளி ஒருவர் ஸ்காபுறோ கிறேஸ் வைத்தியசாலைக்கு வந்தார். நோய் இன்னதென அறியப்படாமையால் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இரவைக் கழித்தார். அருகிலிருந்தோர்க்கும் நோய் தொற்றிற்று. அதே நாளில் வன்கூவர் பொது வைத்தியசாலைக்கு வந்த நோயாளியோ உடனடியாகத் தனிமைப்படுத்தப்பட்டார். அங்கு பெரும் பரவல் நேரவில்லை. கனடாவில் சார்ஸினால் மாண்ட 44 பேருள் தாதியர் இருவரும் மருத்துவர் ஒருவரும் அடங்குவர்.

அந்நாளில் நோயை இனங்காண நெஞ்சுப் படம் இன்றியமையாதது. ஆகவே கதிர்ப்படப் பிரிவை மூடவும் இயலாது; நோயாளரை அங்கு அழைத்துவரின் ஏனையோர்க்கும் ஆபத்து. இதற்குரிய வழி, நகர்த்தக்கூடிய கருவியைத் தனியறைக்கே கொண்டுசெல்லலாகும். ஒருவர் நோயாளியைத் தொட, மற்றவர் கருவியை மட்டுமே இயக்குவார். படத்தட்டு உறையிடப்படும், பணி முடிந்ததும் கருவி கிருமிநீக்கம் செய்யப்படும்.

விஞ்ஞான நிச்சயம் கிட்டும்வரை பாதுகாப்பைத் தாமதிக்கலாகாது என நீதியரசர் ஆர்ச்சி கம்பெல் ஆணைக்குழு 2007இல் வலியுறுத்திற்று. 2020 ஜனவரியில் கனடாவின் முதலாவது கோவிட் நோயாளி சனிபுறூக் வைத்தியசாலையை அடைந்தபோது, பணியாளர் கவசமணிந்தே அவரை ஏற்றனர். நெஞ்சுப் படம் நியூமோனியாவைக் காட்டிற்று.

பின்னர் ரெக்ஸ்டேலை உள்ளடக்கிய வடமேற்கு ரொறன்ரோ, நகரில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. வீட்டிலிருந்து வேலைசெய்ய இயலாத தொழிலாளர் பலர் வாழும் பகுதி இது. 2003இல் மாண்டோர்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அடுத்த நோய் வருமுன் அப்பாடத்தை மறவாதிருத்தலேயாகும்.