பேனாவின் ஆயுளும் ரீஃபிலின் அளவும்

வீட்டின் பழைய இழுப்பறையைத் துழாவும்போது என்றேனும் ஒரு பேனா அகப்படும். உடல் மங்கியிராது, கிளிப்பும் உறுதியாகவே இருக்கும். தாளில் கீறிப் பார்த்தால்தான் உயிரில்லை என்பது தெரியும். கடைக்கு எடுத்துச் சென்றால், ஒரு பேனாவுக்கு உடனே ரீஃபில் கிடைக்கிறது. அதே காலத்தைச் சேர்ந்த வேறொன்றைக் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார். இந்த வேறுபாட்டின் பின்னே சுவையான ஒரு வரலாறு உண்டு.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, பந்துமுனைப் பேனாவுக்கு 1938இல் காப்புரிமை கோரினார். பின்னர் அர்ஜென்டினாவில் குடியேறி, 1943இல் மேம்பட்ட வடிவத்துக்கு உரிமை பெற்றார். 1945 அக்டோபரில் மில்டன் ரெனால்ட்ஸின் பேனா நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில் 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது மக்கள் முண்டியடித்தனர். ஆனால் அக்காலப் பந்துமுனைகள் ஒழுகின, அடைத்துக்கொண்டன. ஆர்வம் விரைவிலேயே வடிந்தது.

அவசரப்படாமல் காத்திருந்த பார்க்கர் நிறுவனம் 1954இல் ‘ஜாட்டர்’ பேனாவை வெளியிட்டது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ரீஃபில் சற்றே சுழலும்; அதனால் முனையின் தேய்மானம் ஒரே பக்கத்தில் விழாது. 1957இல் டங்ஸ்டன் கார்பைடு பந்து வந்து சேர்ந்தது. காலப்போக்கில் மற்ற நிறுவனங்களும் அதே வடிவில் ரீஃபில் செய்யத் தொடங்கின. ஏறத்தாழ 98 மில்லிமீட்டர் நீளமுள்ள அவ்வடிவம் இன்று ஐ.எஸ்.ஓ. 12757 தரத்தில் ‘ஜி2’ என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது. ஆகவே எழுபதாண்டுப் பழைய ஜாட்டரிலும் இன்று வாங்கிய ரீஃபில் பொருந்துகிறது. ஒரு நிறுவனத்தின் வடிவம் பொதுச்சொத்தானதால் வந்த நன்மை இது.

வாட்டர்மனின் கதை வேறு. மைக்கூட்டின் துணையின்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தில், பிரான்சில் 1936இலேயே கண்ணாடிக் குப்பிகளில் மை அடைத்து விற்ற பெயர் அது. 1953இல் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் கொண்ட ‘சி/எஃப்’ பேனா வந்தது. அழகிய பேனா; ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் வேறு எதற்கும் பொருந்தாது, வேறு எதுவும் அதற்குப் பொருந்தாது. 1950இல் தூக்கியெறியும் ‘கிறிஸ்டல்’ பேனாவை அறிமுகப்படுத்திய மார்செல் பிக், 1958இல் அமெரிக்க வாட்டர்மனின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார் என்பது காலத்தின் விளையாட்டு. சி/எஃப் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பும் பின்னாளில் நின்றுபோனது. இன்று அப்பேனாவை வைத்திருப்போர் காலிக் கார்ட்ரிட்ஜைக் கழுவி, ஊசிக்குழாயால் மை நிரப்பி எழுதுகிறார்கள். அக்குப்பி விரிசல் கண்டால் பேனா அலமாரிப் பொருளாகிவிடும்.

புட்டியிலிருந்து நேரே மை உறிஞ்சும் பேனாக்களுக்கு இக்கவலை குறைவு. 1948இல் வந்த ‘பார்க்கர் 51’ ஏரோமெட்ரிக் வகையின் மைப்பை பல பேனாக்களில் இன்றும் கெடாமல் இயங்குகிறது. அதற்கு வேண்டியது மை மட்டுமே. அதை யார் தயாரித்தாலும் சரி.

பழைய பந்துமுனைப் பேனாவை மீட்க விரும்புவோர், காலி ரீஃபிலை எறிந்துவிடலாகாது. அதுவே ஒரே சாட்சி. நீளம், பருமன், முனையின் விட்டம், சுருள்வில் தாங்கும் தோள் இருக்குமிடம் ஆகியவற்றை அளந்து கொள்ளுங்கள். 67 மில்லிமீட்டர் நீளமுள்ள ‘டி1’ ரீஃபிலைப் பொருத்தமான உறைக்குள் செருகிப் பெரிய பேனாக்களில் பயன்படுத்துவதும் உண்டு. பல பத்தாண்டுகளாகக் கிடந்த பழைய சரக்கைத் தேடி வாங்குவதில் பெரும்பாலும் பயனில்லை. பசைமை உள்ளேயே இறுகியிருக்கும்.

தங்க முலாமும் பெயர்ப் பெருமையும் ஒரு பேனாவைக் காப்பாற்றுவதில்லை. பிறர் செய்த மையையும் ஏற்கும் பேனாவே அடுத்த தலைமுறையின் கையிலும் எழுதுகிறது.