டூம் போன தூரம்

சென்ற மாதம் பரணை ஒழித்தபோது பழைய நெட்புக் ஒன்று கிடைத்தது. பத்து அங்குலத் திரை, ஆட்டம் பிராசசர், ஒரு ஜிபி ராம். பேட்டரி உயிரை விட்டிருந்தது. சார்ஜரைச் செருகியே வைத்தால்தான் ஓடும். சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் மூடியைத் திறக்கக்கூட இல்லை. "இதுல இனிமே ஒண்ணும் ஓடாது சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றான்.

போடவில்லை. டெபியன் லினக்ஸ் 12இன் 32 பிட் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி வந்து நிறுவினேன். பிறகு டெர்மினலில் ஒரே வரி: டூமை ஓட்டும் சாக்லேட் டூம் என்ற நிரலும், டூம் விளையாட்டின் இலவச முதல் அத்தியாயமும் வந்து இறங்கின. அந்த அத்தியாயத்தின் அளவு சுமார் 4 எம்பி. வாட்ஸப்பில் வரும் காலை வணக்க வீடியோ சில சமயம் இதைவிடப் பெரிது. எண்டரைத் தட்டியதும் அந்த முதல் அறை வந்தது: இடப்பக்கம் படிக்கட்டு, கீழே முகம் மட்டும் தெரியும் வீரன். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இந்த டப்பாவுல எப்படி இவ்வளவு ஸ்மூத்தா ஓடுது? எந்த வருஷத்து கேம் இது?"

"1993. உங்கம்மா அப்போ ஸ்கூல் படிச்சிட்டிருந்தா."

அவன் உட்கார்ந்துவிட்டான். முதல் கதவைத் திறந்தவன் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவன் ஆடி முடிக்கும்வரை அந்த 4 எம்பி கடந்துவந்த வழியை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸை ஒட்டிய மெஸ்கீட் என்ற ஊர். அங்கே இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம். ஜான் கார்மாக், ஜான் ரோமெரோ, ஏட்ரியன் கார்மாக் என்று கைவிரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 1993இல் அவர்கள் டூமை எழுதியது சாதாரண டாஸ் கணினியில் இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு விலகித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில். அவை யூனிக்ஸ் வழிவந்தவை. எழுதுவதும் வரைபடம் அமைப்பதும் அங்கே. மக்கள் விளையாடப்போவதோ டாஸில். பிறந்த வீடு நெக்ஸ்ட், புகுந்த வீடு டாஸ். இரண்டு வீட்டிலும் வாழ வேண்டியிருந்ததால், எந்த ஒரு கணினியின் பழக்கத்தையும் நிரல் முழுக்கப் பரவவிட முடியவில்லை. திரை, ஒலி, விசைப்பலகை, நெட்வொர்க் ஆகியவற்றோடு பேசும் வேலை தனியாகச் சில கோப்புகளில் ஒதுக்கப்பட்டது. மற்றவை எல்லாம் பெரும்பாலும் தூய சி மொழி. டூம் பிற்பாடு ஊர் ஊராகப் போனதற்கு முதல் காரணம் இந்த ஒதுக்கல்தான்.

இரண்டாவது காரணம் கணக்குப் போட்ட விதம். அந்தக் காலத்து 386, 486 எஸ்எக்ஸ் பிராசசர்களுக்குத் தசமக் கணக்குப் போடும் தனிப் பகுதி கிடையாது. கார்மாக் தசமத்தையே தவிர்த்தார். மளிகைக் கடைக்காரர் பன்னிரண்டரை ரூபாயை 1250 பைசா என்று முழு எண்ணாக்கிக் கூட்டுவதுபோல, 32 பிட் எண்ணில் பாதியை முழுப்பகுதிக்கும் பாதியைப் பின்னத்துக்கும் வைத்து எல்லாவற்றையும் முழு எண் கணக்காகவே முடித்தார். அன்று அது வறுமைக்குச் செய்த சிக்கனம். இன்று பல்புக்குள்ளும் பிரிண்டருக்குள்ளும் இருக்கும் சில்லுகளில் பலவற்றுக்கும் தசமப் பகுதி கிடையாது. டூமுக்கு அது குறையாகவே தெரிவதில்லை.

சுவர்களை வரைய அவர் எடுத்தாண்ட உத்தியும் அப்படியே. 1980இல் ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இடத்தை இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டே போகும் முறை ஒன்று இருந்தது. டூமில் ஒவ்வொரு வரைபடத்தையும் முன்கூட்டியே இப்படி வெட்டிச் சேமித்துவிடுகிறார்கள். விளையாடும்போது கணினி கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இந்த வெட்டுக்கோட்டுக்கு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன்? பதில் தெரிந்தால் எந்தச் சுவர் கிட்டே, எந்தச் சுவர் தூரத்தில் என்பது தானாக வந்துவிடும். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்டவே முடியாது. மாடி வீடே இல்லாத உலகம் அது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. வரைபடம் அமைத்தவர்களின் கைவண்ணம் அது.

1993 டிசம்பர் 10. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எஃப்டிபி சர்வரில் டூமை ஏற்ற வேண்டும். இலவசமாக முதல் அத்தியாயம். பிடித்திருந்தால் மீதி இரண்டு அத்தியாயங்களைப் பணம் அனுப்பி வாங்கலாம். காத்திருந்தவர்கள் ஏற்கெனவே சர்வரை நிறைத்துவிட்டதால், கோப்பை ஏற்ற வேண்டியவருக்கே உள்ளே இடமில்லை. இணைப்பு எண்ணிக்கையை உயர்த்திய பிறகுதான் ஏற்ற முடிந்தது. ஏற்றிய வேகத்தில் சர்வர் படுத்துவிட்டது. அடுத்த வாரங்களில் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நெட்வொர்க் திணறியது. நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது டூமின் முதல் பதிப்பு ஒவ்வொரு செய்தியையும் நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் கூவி அறிவித்துக்கொண்டிருந்தது. பல இடங்களில் தடை போட்டார்கள். அடுத்த பதிப்புகளில் அதைத் திருத்திவிட்டார்கள்.

ரத்தம் தெறிக்கும் விளையாட்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனி 1994இல் இதைச் சிறாருக்கு விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது; 2011இல்தான் நீக்கியது. எட்டு வயதுப் பிள்ளை கையில் நானும் கொடுக்க மாட்டேன்.

லினக்ஸ் இந்தக் கதைக்குள் வருவது 1994இல். லினக்ஸ் கெர்னலின் 1.0 பதிப்பே அந்த ஆண்டு மார்ச்சில்தான் வெளியானது. அதில் விளையாட ஆளும் இல்லை, சந்தையும் இல்லை. இட் சாஃப்ட்வேரில் வேலை பார்த்த டேவ் டெய்லர் என்ற நிரலாளர் அந்த ஆண்டே டூமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். வியாபாரக் கணக்கில் பார்த்தால் வீண் வேலை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வேலைதான் கைகொடுத்தது.

1997 டிசம்பர் 23 அன்று கார்மாக் டூமின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டார். டாஸ் பதிப்பைத் தர வழியில்லை. அதில் ஒலிக்காகப் பயன்படுத்திய நூலகம் வேறொருவருக்குச் சொந்தமானது. கையில் சுத்தமாக இருந்தது லினக்ஸ் பதிப்பு. அதைத்தான் கொடுத்தார். சாக்லேட் டூம், இசட்டூம், பிஆர்பூம் என்று அதற்குப் பின் வந்தவை எல்லாம் அந்த லினக்ஸ் மூலநிரலின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். யாருக்கும் வேண்டாத கணினிக்கு என்று ஒருவர் மெனக்கெட்டது, பின்னர் எல்லாக் கணினிக்கும் ஆயிற்று.

முதலில் கொடுத்த உரிமத்தில் ஒரு குறை இருந்தது: மாற்றியவர் தன் மாற்றத்தைப் பகிர வேண்டிய கட்டாயம் இல்லை. முப்பரிமாண கிராபிக்ஸ் அட்டைக்கு ஏற்ப டூமை மாற்றிய ஒரு ரசிகரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, அவர் எழுதிய நிரல் அதோடு போயிற்று. அப்போது நகல் எதுவும் கிடைக்கவில்லை. 1999இல் டூம் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. இனி மாற்றிய பதிப்பை வெளியிடுகிறவர் நிரலையும் சேர்த்துத் தர வேண்டும். படங்களும் ஒலிகளும் மட்டும் இன்றுவரை நிறுவனத்துடையவை. அதற்கும் ரசிகர்கள் வழி கண்டார்கள்: அரக்கன் முதல் சுவர்ப்பூச்சு வரை எல்லாவற்றையும் புதிதாக வரைந்து ஃப்ரீடூம் என்று வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் ஒரு கிளை மைக்ரோசாஃப்ட் வழியாகப் போகிறது. விண்டோஸ் 95க்கு டூமைக் கொண்டுவந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கேப் நியூவெல். 1996இல் அங்கிருந்து விலகி வால்வ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது. சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்த முதல் பட்டியலில் டூம் 2 இருந்தது. 2016இல் வந்த புதிய டூமும் இருந்தது. 2022இல் வந்த அவர்களுடைய ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி முழுக்க லினக்ஸ்தான். "லினக்ஸ் வேலைக்கு ஆகும், விளையாட்டுக்கு ஆகாது" என்று இன்னும் சொல்கிறவர்கள் தகவலைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். என் மேஜைக் கணினியில் விண்டோஸ் இல்லாமல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன; தனியாக ஆடும் விளையாட்டில் நான் ஏமாந்ததில்லை. ஏமாற்றுவோரைப் பிடிக்கக் கெர்னல்வரை இறங்கும் காவல் மென்பொருள் வைத்த சில போட்டி விளையாட்டுகள் மட்டும் லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அது அந்த நிறுவனங்களின் முடிவு. லினக்ஸால் இயலாமை இல்லை.

டூம் எதில் எல்லாம் ஓடுகிறது என்று பட்டியல் போடுவது இப்போது ஒரு தனிப் பொழுதுபோக்கு. அதில் எனக்குச் சில கறாரான விதிகள் உண்டு. 2020இல் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் டூம் என்று செய்தி பறந்தது. உள்ளே இருந்த சில்லையும் திரையையும் மாற்றிவிட்டுத்தான் அதைக் காட்டினார்கள்; செய்தவரும் அதை மறைக்கவில்லை. வெறும் கூட்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மாறாக, 2021இல் ஐக்கியா விளக்கு ஒன்றின் சில்லில் ஓட்டினார்களே, அதைச் சேர்ப்பேன். வெளியிலிருந்து திரையும் சேமிப்பும் இணைத்தார்கள் என்றாலும், ஓட்டியது அந்த விளக்கின் சில்லேதான். அதில் இருந்த ராம் 108 கிலோபைட். 1993இல் டூம் கேட்டது 4 எம்பி. நிரலை வரி வரியாகச் செதுக்கி அதற்குள் அடக்கியிருக்கிறார்கள்.

2014இல் மைக்கேல் ஜோர்டன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கேனன் பிக்ஸ்மா பிரிண்டரின் குட்டித் திரையில் டூமை ஓட்டினார். கடவுச்சொல் கேட்காத இணையப் பக்கம் வழியாக உள்ளே போய், பலவீனமான பூட்டை உடைத்து, பிரிண்டரின் மென்பொருளையே மாற்ற முடிகிறது என்று காட்டுவதற்காக அதைச் செய்தார். பாதுகாப்புக் குறை என்று பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிரிண்டரில் டூம் ஓடினால் எல்லோருக்கும் புரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டிராக்டர். 2022 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், சிக் கோட்ஸ் என்ற புனைபெயரில் இயங்கும் ஆய்வாளர் ஜான் டியர் டிராக்டரின் கட்டுப்பாட்டுத் திரையைப் பூட்டுடைத்து, அதில் வயல்வெளியாக மாற்றிய டூமை ஓட்டிக் காட்டினார். லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய டிராக்டர் பழுதானால் அதன் மென்பொருளைத் தொட அப்போது விவசாயிக்கு அனுமதி இல்லை. நிறுவனத்தின் ஆள் வரும்வரை அறுவடை காத்திருக்க வேண்டியிருந்தது. பழுதுபார்க்கும் உரிமை கேட்டு அமெரிக்க விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். என் பொருளில் என் விருப்பப்படி ஒரு நிரலை ஓட்ட முடியாது என்றால், நான் கொடுத்தது விலையா, வாடகையா? அந்தக் கேள்வியை அந்தத் திரை ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டது.

டூம் விண்வெளிக்கும் போயிருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஓப்ஸ்-சாட் என்ற சோதனைச் செயற்கைக்கோளில் லினக்ஸ் இருந்தது. அதில் ஏற்றி ஓட்டியது, என் நெட்புக்கில் ஓடும் அதே சாக்லேட் டூம். 2024 மே மாதம் அந்தச் செயற்கைக்கோள் வளிமண்டலத்தில் எரிந்துபோயிற்று.

அதே 2024இல் மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுத்தியது. வெளிவந்தது 2014இல். தனியாக ஆடவும் அதற்கு சர்வர் வேண்டும் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் டிஸ்க் இருந்தும் விளையாட்டு இல்லாமல் போயிற்று. பத்து வயது நிறையும் முன்பே அது முடிந்தது. அதைவிட ஏறக்குறைய இருபத்தொரு வயது மூத்த டூம் இன்றைக்கும் ஓடுகிறது. திறமையில் அந்தப் பந்தய விளையாட்டை உருவாக்கியவர்கள் குறைந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சாவி யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். விற்பனை ஓய்ந்த பிறகு சர்வரை மூடுகிற நிறுவனம், மூலநிரலைத் தர மனமில்லாவிட்டாலும், இணைப்பு இல்லாமல் ஆடும் ஒரு பதிப்பையாவது கொடுத்துவிட்டு மூடலாம். அதைச் சட்டமாகவே கேட்கலாம். ஐரோப்பாவில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா மகன் அன்று நெட்புக்கை விடுதிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன வாரம் அழைத்தான். அவனும் அறைத்தோழனும் டூமின் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்து, துப்பாக்கி சுடும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணைக் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் வகுப்பில் சி மொழி இரண்டாம் பருவத்தில்தான் வருகிறதாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். காயலான் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொடுங்கள். நான்கு ஜிபி பென்டிரைவ் ஒன்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் இலவசம்.