மண் இல்லாத தோட்டம்: புதினாத் தண்டு முதல் வங்காள முறை வரை

உளுந்தை ஊறவைத்து ஈரத் துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். உளுந்தின் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கும் உளுந்தூர்பேட்டையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மன் திருவிழாவுக்காக வீட்டின் இருட்டறையில் முளைப்பாரி வளர்ப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பழக்கமான ஒன்றுதான். வெயில் படாமல் வெளிர் மஞ்சளாக ஓங்கி நிற்கும் அந்தப் பயிரைத் திருவிழா முடிந்ததும் நீர்நிலையில் கரைத்து விடுவார்கள். கரைக்காமல் அந்த இருட்டிலேயே விட்டுவைத்தால்? விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் துவண்டு விழும்.

அதற்கு மேலும் செடி வாழ வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சத்து வேண்டும். மண்ணும் வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்குச் சுமார் 200 ஆண்டுகள் பிடித்தன!

தொட்டியில் ஒரு மரம்

பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்பவர், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணிலோ சுமார் 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது! மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1648ல் இது அச்சில் வந்தது.

முடிவு பாதி தவறு. மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது. குறைந்துபோன அந்த 2 அவுன்ஸில்தான் ரகசியம் இருந்தது என்பதும் தெரியாது.

இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினா வகைச் செடிகளை மண்ணே இல்லாமல் வெறும் நீரில் வளர்த்துப் பார்த்து, அதை 1699ல் வெளியிட்டார். மழைநீரில் ஒன்று, தேம்ஸ் ஆற்று நீரில் ஒன்று, கலங்கிய வடிகால் நீரில் ஒன்று. சுத்தமான நீரில் இருந்ததை விட கலங்கிய நீரில் இருந்த செடிதான் நன்றாக வளர்ந்தது. அப்படியானால் செடிக்கு உணவு தண்ணீர் மட்டுமல்ல, அதில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றும்தான்!

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை 1860களில் ஜெர்மனியின் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் இருவரும் தெளிவாக்கினார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கந்தகம், கொஞ்சம் இரும்பு... இவற்றின் உப்புகளைச் சரியான அளவில் கரைத்தால் போதும், செடி மண்ணைக் கேட்பதில்லை. மண் என்பது செடியைத் தாங்கிப் பிடிக்கும் கை, சத்தைச் சேமிக்கும் பண்டசாலை. இந்த இரண்டு வேலைகளையும் வேறு எதைக் கொண்டும் செய்ய முடியும்.

பெயர் வைத்தவரின் கதை

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையிலிருந்து இதை விவசாயமாக வெளியே கொண்டு வந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. அவர் நீர்த்தொட்டியில் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின. 1937ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரையும் அறிமுகம் செய்தார். பத்திரிகைகள் இதை ஓர் அதிசயமாகக் கொண்டாடின.

பிறகு தகராறு வந்தது. பல்கலைக்கழகம் அவருடைய சத்துக் கரைசலின் விவரத்தைக் கேட்டது. சொந்த நேரத்தில் கண்டறிந்தது என்று கூறி அவர் தர மறுத்தார். முடிவில் அங்கிருந்து வெளியேறி, 1940ல் தன் முறையை நூலாக எழுதினார். இதற்கிடையே அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்ட், ஆர்னன் இருவரும் 1938ல் தங்கள் கரைசலின் செய்முறையை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். நல்ல மண்ணில் கிடைப்பதை விட இதில் பெரிதாக விளைச்சல் கூடிவிடாது என்றும் நேர்மையாகச் சொன்னார்கள். ஹோக்லண்ட் கரைசல் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

பணமும் படையும் உள்ள இடங்களில்தான் இது முதலில் வேரூன்றியது. பசிபிக் கடலின் வேக் தீவில் விமானப் பயணிகளுக்குக் காய்கறி வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் சரளைக்கல் பாத்திகளில் வீரர்களுக்காக வளர்த்தது. பம்பு, தொட்டி, குழாய், வேதியியல் நிபுணர் என்று எல்லாமே செலவு!

காளிம்போங்கில் ஒரு மாற்று வழி

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1943ல் வங்காளத்தைப் பஞ்சம் உலுக்கியது. பல லட்சம் பேர் மாண்டனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1946ல், டார்ஜிலிங் பகுதியில் உள்ள காளிம்போங்கில் வங்காள அரசின் சோதனைப் பண்ணையில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் வேலையைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வித்தியாசமானது. பம்பும் மின்சாரமும் இல்லாத ஒரு சாதாரண இந்தியக் குடும்பம் இதைச் செய்ய முடியுமா?

விடை மிக எளிமையாக இருந்தது. கிடைக்கிற பொருளில் ஒரு தொட்டி. அதில் சரளைக்கல் அல்லது உடைந்த செங்கல்லோடு கலந்த மணல். உப்புக் கலவையைக் கரைக்கக்கூட வேண்டாம், மேலே தூவித் தண்ணீர் தெளித்தால் போதும். 1951ல் இது நூலாக வந்து 'வங்காள முறை' என்று பெயர் பெற்றது.

ஆனால் பஞ்சத்துக்கு இது மருந்தாகியிருக்குமா? 1943ல் உணவே இல்லாமல் போய்விடவில்லை, விலை ஏறியபோது வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லை என்று அமர்த்தியா சென் 1981ல் எழுதிய நூலில் விளக்கினார். நெல்லையும் கோதுமையையும் தொட்டியில் வளர்த்து ஊருக்குச் சோறு போடவும் முடியாது. வங்காள முறையால் முடிந்தது ஒன்றுதான். நிலமில்லாத வீட்டுக்குக் கொஞ்சம் கீரையும் காயும் தருவது. அதுவும் சின்ன விஷயம் அல்ல.

இன்றைய பெட்டி

2006ல் அமெரிக்காவில் ஏரோகார்டன் என்ற சமையலறைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. எல்.இ.டி. விளக்குகள் மலிவான பிறகு இத்தகைய பெட்டிகள் பெருகின. பார்க்க அழகுதான். ஆனால் விலை? அரிசோனாவில் லெட்டூஸ் கீரையை வைத்து 2015ல் வெளியான ஓர் ஆய்வு, மண் விவசாயத்தை விட ஹைட்ரோபோனிக்ஸில் நிலப்பரப்புக்கு 11 மடங்கு விளைச்சல் என்றும், தண்ணீர் 13ல் ஒரு பங்குதான் என்றும் கணக்கிட்டது. அதே ஆய்வு, எரிசக்தி மட்டும் 82 மடங்கு என்றது!

சுற்றிலும் நெல்லும் உளுந்தும் கரும்பும் விளையும் உளுந்தூர்பேட்டைக்கு விளக்குப் போட்ட பெட்டி எதற்கு? வெயில் ஜன்னல் வழியே இலவசமாக வருகிறதே! வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அங்கே சிக்கல் வேறு. கோடையில் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து வேர் அழுகும். கரைசலில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். அதனால் வெளிச்சம் புகாத, மூடியுள்ள டப்பாவைக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைப்பது நல்லது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறையில் பம்பே கிடையாது. நீர் குறையக் குறைய மேல் வேர்களுக்குக் காற்று கிடைக்கிறது, அவ்வளவுதான். செடியைப் பிடித்து நிறுத்தத் தென்னை நார்க்கழிவு போதும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பண்ணைகளுக்கே அது கப்பல் ஏறுகிறது.

வாடகை வீட்டில், ஒரு சாண் மண்கூட இல்லாத குடும்பத்தின் ஜன்னலோரம் ஒரு டப்பா புதினா... இதற்கு டக்ளஸ் காட்டிய வழியே அதிகம். கடையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, மீந்த தண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தால் சில நாட்களில் வேர் விடும். அன்று உட்வர்ட் பார்த்ததும் அதைத்தான்!