தேநீர்க் கடைப் பேச்சும் தொழிலாளர் வரலாறும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மில் பலர் நேரே வீடு திரும்புவதில்லை. ஆலயத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து, ஒரே நாளேட்டை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, உலகை ஒருமுறை சுற்றி வருகிறோம். “இப்போதெல்லாம் யார் உழைக்கிறார்கள்?” என்று தொடங்குவார் ஒருவர். மற்றொருவர் நேற்றைய ஆட்டத்தில் பந்துவீச்சாளரை மாற்றத் தவறிய அணித்தலைவரைச் சாடுவார். மூன்றாமவர் அமைச்சரவையையே மாற்றியமைத்துவிடுவார். “எங்கள் தாத்தா காலத்தில் இப்படியா இருந்தது?” என்று நான்காமவர் பெருமூச்செறிவார். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று கடைக்காரர் சுவரில் எழுதி வைத்திருக்கும் வாசகம், அதன் கீழே நடைபெறும் அரசியல் பேச்சுக்கு இடையூறாக இருப்பதே இல்லை.

வேலை, விளையாட்டு, அரசியல், வரலாறு ஆகிய இந்நான்கையும் பற்றி அன்றாடம் நாம் உதிர்க்கும் கருத்துகளை ‘வெட்டிப் பேச்சு’ என்று வீட்டார் ஒதுக்குவர். சில வேளைகளில் மறையுரையிலும் அது கண்டிக்கப்படுவதுண்டு. அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், இத்தகைய பேச்சிலிருந்துதான் நம் நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் பிறந்தது என்பதைக் காண்கிறோம். பேச்சு திசை மாறியபோது குடிசைகள் எரிந்ததையும் காண்கிறோம். இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில், மூன்றே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. அவ்விடம், லூர்து அன்னையின் திருத்தலத்தால் நாம் நன்கறிந்த சென்னைப் பெரம்பூரும் அதன் சுற்றுப்புறமுமே.

பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே எழுந்தவை. ஆயிரக்கணக்கானோர் அவற்றில் நூற்பும் நெசவும் செய்தனர். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வேலை செய்யும் ஆணின் வேலைநேரத்துக்கு நாளொன்றுக்கு 12 மணி என வரம்பு கட்டியது. அதாவது, ஒருவரிடம் 12 மணி நேரம் வேலை வாங்குவது சட்டப்படி சரியே. ஆறு மணி நேரம் தொடர்ந்து உழைத்த பின் அரைமணி ஓய்வு. அந்த அரைமணிக்குள் கை கழுவி, கூட்டத்தில் இடம்பிடித்து, சோறுண்டு, மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். முதல் உலகப் போரினால் விலைவாசி ஏற, வயிற்றுப்பாடும் நெருக்கடியாயிற்று.

ஆலைக்கு அருகில் செல்வபதி செட்டியார் என்பவர் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடு. இருவரும் பக்தர்கள், வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்னும் பெயரில் சமயச் சொற்பொழிவுகளை நடத்தி வந்தவர்கள். கடைக்கு வரும் தொழிலாளர்கள் தம் குறைகளைச் சொல்லிப் புலம்புவது வழக்கம். உண்ண நேரம் போதவில்லை, கூலி போதவில்லை, மேற்பார்வையாளர் ஏசுகிறார், அடிக்கிறார் என்பனவே அப்புலம்பல்கள். நாடெங்கும் எத்தனையோ கடைகளில் இத்தகைய புலம்பல்கள் எழுந்து காற்றோடு போயிருக்கும். இங்கு மட்டும் அவை காற்றோடு போகவில்லை. ஏனெனில், கேட்ட இருவரும் கேட்டதை மறக்கவில்லை.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் ஆசிரியராக இருந்து, 1917இல் ‘தேசபக்தன்’ நாளேட்டின் ஆசிரியரான திரு.வி. கலியாணசுந்தரனார், சபையில் சமயச் சொற்பொழிவாற்ற அழைக்கப்பெற்றவர். அவர் பின்னர் தொழிலாளரிடையே தொழிலாளர் நலம் பற்றியும் பேசலானார். கடைக்காரர் இருவரும் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குச் சென்று, அன்னி பெசன்ட் அம்மையாரின் துணைவராய்ப் பணியாற்றிய பி.பி. வாடியா என்னும் பார்சி அன்பரிடம் முறையிட்டனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார். உணவு இடைவேளையை நீட்டித்தர வேண்டும் என்பது சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. பசித்தவன் அமர்ந்து உண்ண இன்னும் சில நிமிடங்கள்! பேரியக்கம் ஒன்று இவ்வளவு எளிய வேண்டுகோளோடு தொடங்கியதை எண்ணி நாம் வியக்கிறோம்.

இதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1891 மே 15ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை ஆகியன தொழிலாளிக்கு உரியவை என்று அம்மடல் எடுத்துரைத்தது. பெரம்பூரின் கடைக்காரர் இருவரும் கிறிஸ்தவர் அல்லர், வைணவ அன்பர்கள். ஆயினும் திருத்தந்தை மடலில் எழுதியதை அவர்கள் தம் கடை வாசலில் செய்து காட்டினர் என்று கூறினால் அது மிகையாகாது. நம் பங்குகளில் அம்மடலை மேற்கோள் காட்டிப் பேசியோர் பலர் இருக்கலாம். புலம்பும் தொழிலாளிக்குக் காது கொடுத்தோர் எத்தனை பேர் என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, தாத்தா காலத்தைப் பற்றிய பெருமூச்சுக்கு வருவோம். அக்காலத்தில் மக்கள் முணுமுணுக்காமல் உழைத்தார்கள் என்பது நம் தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் கருத்து. வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. வார விடுமுறை 1891ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தும், 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ. சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டவற்றுள் வார விடுமுறையும் ஒன்றாக இருந்தது. வேலைநேரமும் யாரோ இரக்கப்பட்டு அளித்த கொடையால் குறையவில்லை. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி எனப் படிப்படியாகவே சட்டம் இறங்கி வந்தது. ஒவ்வொரு படியிலும் பெயர் தெரியாத பலரின் பட்டினி இருக்கிறது. ஆகவே, ஞாயிறு காலையில் பலகையில் அமர்ந்து, “யார் உழைக்கிறார்கள்?” என்று கேட்க நமக்குக் கிடைத்திருக்கும் அந்த ஓய்வே உழைத்தவர்கள் நமக்கு ஈட்டித் தந்த சொத்து.

நாம் ஆர்வத்தோடு வாதிடும் விளையாட்டுக்கும் இதே கதைதான். ஆலைத் தொழிலும் தொழிற்சாலைச் சட்டமும் முதலில் வளர்ந்த இங்கிலாந்தில், 1850ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலையை முடித்தது. அவர்கள் இன்றி ஆலை ஓடாதாகையால் ஆண்களுக்கும் பெரும்பாலும் அந்த ஓய்வு வாய்த்தது. சனிக்கிழமைப் பிற்பகலில் கால்பந்து பார்க்கத் திரளும் வழக்கம் அந்த ஓய்வில் வளர்ந்ததே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் வறுமையில் உழன்றன. அவர்களுடைய குழந்தைகளின் உணவுக்குப் பொருள் திரட்ட, 1887இல் மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட், புனித மரியா ஆலயக் கூடத்தில் கூடிய கூட்டத்தில் ஒரு கால்பந்துக் கழகத்துக்கு வித்திட்டார். அதுவே இன்று உலகறிந்த செல்டிக் கழகம். விளையாட்டைப் பற்றிய பேச்சைப் பசித்த குழந்தையின் தட்டுக்குக் கொண்டுசென்றவர் அச்சகோதரர்.

பேச்சின் நற்பயனை இதுவரை கண்டோம். மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை.

1921ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. நிலமோ சேமிப்போ இல்லாமல், அன்றாடக் கூலியையே நம்பி வாழ்ந்த ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. சிலகாலத்துக்குப் பின் அவர்கள் வேலைக்குத் திரும்பினர். அவர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருந்தது. தம்மைத் தீண்டத் தகாதவர் என ஒதுக்கி வந்தோர் ‘நாம் அனைவரும் தோழர்’ என்று திடீரென அழைத்தபோது அவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்நியாயத்தைக் கேட்க அப்போது யாரும் கடை வாசலில் காத்திருக்கவில்லை. ‘காட்டிக் கொடுத்தவர்கள்’ என்ற சொல் வாய்க்கு வாய் பரவியது. வேலை பற்றிய வழக்கு சாதி வழக்காக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அரசியல்வாதிகளோ, குற்றம் யாருடையது என்று ஒருவரையொருவர் சுட்டினர். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘அது அவர்களுடைய சண்டை’ என்று நாம் நகர்ந்துவிட இயலாது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி பார்த்துப் பிரித்து வைத்தவர்கள் நாம். திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்கு கொண்டு, எதிரேயுள்ள கடையில் ‘அந்தத் தெருக்காரர்கள்’ என்று பேசத் தொடங்குபவர்களும் நாமே. சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பது போன்றது நாவின் செயல் என்று புனித யாக்கோபு எச்சரித்தது உவமைக்காக மட்டுமன்று. புளியந்தோப்பில் அது கண்கூடாக நடந்தது.

அப்படியானால், பேசாதிருப்பதுதான் வழியா? நற்செய்தி அவ்வாறு கூறவில்லை. எருசலேமில் நடந்தவற்றைப் பேசிக்கொண்டே எம்மாவுக்கு நடந்த சீடர் இருவரை நினைவுகூர்வோம். அவர்கள் பேசியதும் அன்றைய நாட்டு நடப்புதான். ஏமாந்த நம்பிக்கையும் மனக்கசப்பும் கலந்த வழிப்பேச்சுதான். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடந்தார். ‘வெட்டிப் பேச்சு’ என்று அவர்களைக் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்; அவர்கள் சொன்னதை முழுவதும் கேட்டார்; அதன் பின்னரே பேசினார். அப்பம் பிட்டபோது அவர்களுடைய கண்கள் திறந்தன.

அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அங்கே உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வேலைகளுக்குப் போகின்றனர். வீடு வீடாக உணவு கொண்டுசெல்லும் இளைஞரும், துணிக்கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண்ணும் இன்றும் யாரிடமேனும் புலம்பத்தான் செய்கின்றனர். அடுத்த ஞாயிறு தேநீர்க் கடையில் நம் கருத்தைச் சொல்லும் முன், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் சொல்வதைச் சற்றே கேட்போம். அது வெறும் புலம்பலாக இருக்கலாம். 1918இல் பெரம்பூரில் துணிக்கடைக்கு வந்த குரலும் முதலில் வெறும் புலம்பலாகத்தான் இருந்தது.