யாரும் இல்லாத காடு

குடியேற்றக் கதைகளுக்கெல்லாம் ஒரு பொதுவான முதல் வாக்கியம் உண்டு. நாங்கள் வந்தபோது இங்கே யாரும் இல்லை என்பதே அது. அந்த வாக்கியத்தை நம்பிவிட்டால் பிறகு வருவதெல்லாம் வீரமும் உழைப்பும்தான். நம்ப மறுத்தால் அதே கதை வேறொன்றாகிவிடுகிறது.

அமெரிக்க மேற்குநோக்கிய குடியேற்றத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் வெளியிட்ட சிறுவர் நவீனம், ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’. மேற்கே பரந்து கிடந்த புல்வெளியில் மனிதர்களே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் அதன் முதல் பதிப்பில் ஒரு வரி இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே, 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்ற சொல் ‘குடியேறிகள்’ என்று மாற்றப்பட்டது. 18 ஆண்டுகள் அந்த வரி அச்சில் இருந்தது. கான்சாஸில் அக்குடும்பம் குடிசை போட்ட நிலமோ ஓசேஜ் மக்களுடையது. இத்தனைக்கும் வன்மத்தோடு எழுதப்பட்ட வரி அல்ல அது. ஒரு நல்ல எழுத்தாளர் கவனியாமல் எழுதிய வரி. நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டியது அதுவே.

அந்தக் கவனியாமைக்குப் பின்னால் பெரிய நூல்கள் இருந்தன. தியோடர் ரூஸ்வெல்ட்டின் ‘மேற்கை வென்ற கதை’ 1889 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. இடையில் 1893இல் சிகாகோவில் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர், அமெரிக்க மனத்தை உருவாக்கியது எல்லைப்புறமே என்று வாதிட்டார். பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்த வழிவகுத்த 1830ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறுவோருக்கு ஆளுக்கு 160 ஏக்கர் வழங்கிய 1862ஆம் ஆண்டுச் சட்டம், 1890இல் வூண்டட் நீ படுகொலை ஆகியவற்றைத் துரத்தப்பட்டவர்களின் பக்கம் நின்று ஒரு வெகுஜன நூல் சொல்வதற்கு, டீ பிரவுன் 1970இல் எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றைப் படித்துவிட்டு அமெரிக்கரைக் கடிந்துகொள்வது எளிது. நம் காலடி மண்ணையும் சற்றுப் பார்க்கலாம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி நோக்கிப் பரவும் கரிசல் பூமியும் குடியேற்ற பூமிதான். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து அலையலையாக வந்தவர்கள் அங்கே ஊர்களை அமைத்தார்கள். அந்த நினைவைத்தான் கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக்கினார். அரசன் கண்பட்ட பெண்ணைக் காக்க ஒரு கூட்டம் இரவோடிரவாகத் தப்பி ஓடிவருகிறது. காட்டுக்குத் தீ வைத்து, நிலத்தைத் திருத்தி, ஊராகிறது. நூறு வயதைக் கடந்த பாட்டியின் வாய்மொழியாக இதைக் கேட்கையில் நாம் முழுமனத்தோடு அக்கூட்டத்தின் பக்கம் நிற்கிறோம். ஓடிவந்தவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் அந்தத் துயரமே எரிந்த காடு யாருடையது என்று கேட்கவிடாமல் செய்கிறது.

அக்கேள்விக்கான குறிப்பு சங்கரன்கோவில் தலபுராணத்திலேயே இருக்கிறது. அதன்படி இவ்விடம் முன்பு புன்னைவனம். அதைக் காவல் காத்தவர் ஒரு பறையர். புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட, உள்ளே லிங்கம் இருப்பதைக் கண்டவர் அவரே. அவர் சொல்லித்தான் உக்கிரபாண்டியன் வந்து காட்டைத் திருத்திக் கோயில் எழுப்பினான். புராணம் வரலாறாகிவிடாது. என்றாலும் இது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறது. மன்னன் வருமுன்பே அந்தக் காட்டில் ஒருவர் இருந்தார். இன்றும் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்றுச் செல்கிறோம். கோயிலைக் கட்டியவனாக மன்னனின் பெயரே நாவில் நிற்கிறது.

இரு நிலங்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. சட்டம் இயற்றி ஓர் இனத்தையே பெயர்த்தெடுத்தது அமெரிக்க அரசு. கரிசலில் வந்தவரும் இருந்தவரும் அருகருகே வாழ்ந்து ஒருவர் மொழியை ஒருவர் கற்றார்கள். ஆனால் அருகருகே என்பது சமமாக என்று பொருள்படாது. நாயக்கர்களோடு சேர்ந்தே தெற்கே வந்ததாகக் கருதப்படும் தெலுங்கு பேசும் சக்கிலியர்கள் இல்லாமல் கமலை இறைப்புக்கான தோல் வேலை நடந்திருக்காது. அவர்களும் அதே ஆறுகளைக் கடந்து வந்தவர்கள்தாம். எனினும் ஊர் அமைத்தவர்கள் என்ற வரிசையில் அவர்களை வைப்போர் அரிது.

பாளையக்காரர் வரலாற்றிலும் இதே குறை உண்டு. மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே பெரும்பாலும் தெலுங்கர் பாளையங்கள் என்பது நெல்லைச் சீமையின் அமைப்பு. கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் பாளையக்காரர்கள் நாட்டின் அமைதியைக் குலைத்தவர்களாகத் தெரிகிறார்கள். நம் மேடைகளிலும் திரைகளிலும் அவர்கள் மாவீரர்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் எதிர்ப்பை மதிப்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் இரு தரப்பு நூல்களிலும் அந்தக் கோட்டைகளுக்குச் சோறு போட்ட உழவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஊர் வரலாறு, குல வரலாறு என்று சிறு நூல்கள் நம்மிடையே தொடர்ந்து அச்சாகின்றன. அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பாட்டிமார் சொல்லாமல் போனால் அழிந்துவிடக்கூடிய நினைவுகள் அவற்றில்தான் தங்கியிருக்கின்றன. அவற்றில் ‘யாரும் இல்லாத காடு’ என்று எழுதும் இடத்தில் மட்டும் பேனா சற்று நிற்கட்டும். ஆடு மேய்த்தவர், காவல் நின்றவர், விறகு வெட்டியவர் யாரென்று விசாரித்து ஒரு வரி சேர்க்கட்டும். அமெரிக்கர்களுக்கு ஒரு சொல்லைத் திருத்த 18 ஆண்டுகள் ஆயின. நாம் இன்னும் அந்தச் சொல்லை அடிக்கோடிடக்கூட இல்லை.